இருபது கிலோவுக்குக் கீழே

வாளையார் எடைமேடையில் இரவுப் பணி எனக்கு.
வண்டி ஏறும்.
சிவப்பு எண்கள் ஓடும், தடுமாறும், நிற்கும்.
நின்ற எண்ணை அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த வண்டி வரும்வரை
குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்.

மூன்று முறை எழுதிவிட்டேன்.
எழுபத்து நான்கு, எழுபத்தொன்பது,
போன தடவை எண்பத்தொன்று.
எண்பத்திரண்டு என்றால் தகுதி.
அதற்குப் பிறகும் வேலைக்கென்று
தனியாக ஒரு தேர்வு உண்டு என்பதை
சாவடி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"டீச்சரே, எந்தாயி?" என்பார் முதலாளி சாக்கோச்சன்.
என்னை டீச்சர் என்று கூப்பிட
இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.
தாமதத்துக்கு இருநூறு பிடித்துக்கொண்டும்
அப்படியேதான் கூப்பிடுவார்.

கணவாய்க் காற்றுக்கு வழிகாட்டி நூல்மேல் என்ன ஆத்திரமோ,
நான் முடிக்கும் முன் பக்கத்தைத் தள்ளுகிறது.
பியாஜேயின் நான்கு நிலைகளை
நான்கு அச்சாக்கி மனதில் ஏற்றியிருக்கிறேன்.
முன்சக்கரம் புலனியக்கம்.
மூன்றாவது அச்சில்தான் எப்போதும் பஞ்சர்.

ஒன்றே முக்காலுக்கு ஒரு வைக்கோல் லாரி.
ஓட்டுநர் டீக்கடைக்குப் போக,
கிளீனர் பையன் ஜன்னலுக்கு வந்தான்.
பாதி உடைந்த குரல்.
"லோடு ஏத்துனப்பறம் மழ பேஞ்சா எடை கூடுமாக்கா?"
கூடும்.
"ஓடுற வண்டிக்குக் கொறையுமா?"
குறையாது.
"அப்ப வழியெல்லாம் பறந்து போன வைக்கலு?"
இதற்குப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது:
விரி சிந்தனை. ஒரு மதிப்பெண்.

வண்டி இறங்கியதும் கேட்டான்,
"என்னய ஒருக்கா போடுங்கக்கா."

நாற்பது டன் நின்ற இரும்பில்
நடுவாக வந்து நின்றான்,
காலை வழிபாட்டு வரிசையில் நிற்பதுபோல்
கைகளை ஒட்டிக்கொண்டு.
நாற்பது.
தோள் துண்டைக் கழற்றி வீசினான். நாற்பது.
மூச்சைப் பிடித்தான். நாற்பது.
இது இருபது இருபதாகத்தான் தாண்டும்,
அதற்குள் என்ன இருந்தாலும் இதற்குத் தெரியாது,
நீ முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கேயோ என்றேன்.
"அப்ப மிச்சம் எங்கக்கா போகும்?"

வயது என்ன என்று நான் கேட்டு முடிக்கவில்லை,
"பதினெட்டு" என்றான்.
மனப்பாடம் செய்த விடை எப்படி வரும் என்று
எனக்குத் தெரியாதா.
"எதுவரை படிச்சே?"
"ஏழாவது பாதி."

மேசையில் திறந்தே கிடந்தது கல்வி உரிமைச் சட்டம்.
ஆறு முதல் பதினான்கு வரை, பிரிவு மூன்று.
நின்றவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தல், பிரிவு நான்கு.
சிவப்புப் பேனாவால் நானே வட்டமிட்டிருந்தேன்
சரியான விடையை, இரண்டு இடத்திலும்.

ஓட்டுநர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
சீட்டில் வண்டி எண், சரக்கு, நேரம், எடை.
பையனுக்கென்று கட்டம் கிடையாது.
கதவில் தொங்கியபடியே ஏறிக்கொண்டான்.
பின்விளக்கு பாலக்காட்டுப் பக்கம் திரும்பியது.

குழந்தைகள் உதவி எண் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
அதுவும் மாதிரி வினாத்தாளில் வந்ததுதான்.
அழுத்தினேன்.
மலையாளத்தில் ஒரு பெண் கேட்டாள்,
பிறகு தமிழில் பொறுமையாகக் கேட்டாள்:
பெயர் என்ன, ஊர் எது,
வண்டி இப்போது எந்த மாநிலத்தில்?

மேடை கேரளம்.
வண்டிப் பதிவு தமிழ்நாடு.
எண் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன்.
பெயர்,
பெயரை நான் கேட்கவில்லை.

குறித்துக்கொண்டதாகச் சொன்னாள்.
பேனா ஓடும் சத்தம் கேட்டதா, நானே நினைத்துக்கொண்டேனா.

நாலு மணிவரை ஒரு பக்கமும் ஏறவில்லை.
விளக்கொளியில் மேடையெங்கும் உதிர்ந்த வைக்கோல்,
திரையில் பூஜ்யம்.
விடிந்து பெருக்கியபோது
ஒரு முறம் நிறைய வந்தது.